தொண்ணூற்றைந்து ஆக்டேன்

உங்கள் விசாரணைக்கான இந்தத் தாளில் ஓர் எண் மட்டும் தவறாக இருக்கிறது, மேடம். மற்றதெல்லாம் சரி. வண்டியின் நிறம், வாங்கிய வருடம், என் மனைவி பிரசவ நர்ஸாக மலைக் குடியிருப்புகளுக்குப் போய்வந்த பதினோரு வருடம், எல்லாம் சரி. ஏழாவது கேள்விக்கு எதிரே "எரிபொருள்: 95 ஆக்டேன், கணவர் நிரப்பினார்" என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். கணவர் நிரப்பினார் என்பது உண்மை. தொண்ணூற்றைந்து என்பது உண்மை இல்லை. சாட்சி என்று அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். நான் பத்தொன்பது வருடமாகப் பெட்ரோல் பங்கில் மேனேஜர். ஆக்டேன் விஷயத்தில் தப்பான எண்ணுக்குக் கீழே என் பெயர் இருந்ததில்லை.

என்னை இங்கே ஆக்டேன் அண்ணன் என்பார்கள். கேலியாகத் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. ஊரில் பாதி வண்டிகள் ஜப்பானில் ஓடிப் பழசாகிக் கப்பலேறி வந்தவை. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்காரருக்கு அது தலையும் புரியாது, வாலும் புரியாது. சிலர் ஏதோ எச்சரிக்கை என்று பயந்து, இருப்பதிலேயே விலை கூடியதை ஊற்றச் சொல்வார்கள். சிலர் சுரண்டி எறிந்துவிடுவார்கள். நான் அந்த எழுத்துகளைப் படம் மாதிரி மனத்தில் வைத்திருந்தேன். இந்த வடிவம் என்றால் சாதாரணம், இந்த வடிவம் என்றால் உயர்ரகம். சின்ன வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, நல்லதா ஊத்துங்க, வண்டி பறக்கணும்" என்பார்கள். "உங்க வண்டிக்குச் சாதாரணமே கல்யாண விருந்து, தம்பி" என்று சொல்லி, தேவையில்லாததை விற்காமல் அனுப்புவேன். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனால் வண்டிக்காரர்கள் என்னை நம்பினார்கள்.

பலரும் ஆக்டேன் என்றால் பெட்ரோலின் பலம் என்று நினைக்கிறார்கள். அதைப் பொறுமை என்றுதான் சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து நசுக்குகிறார்கள். தீப்பொறி வரும்வரை அது காத்திருக்க வேண்டும். எண் குறைந்த பெட்ரோல் காத்திருக்காது, நசுக்கும்போதே தானாகப் பற்றிக்கொள்ளும். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனுக்கு அது சுத்தியல் அடி. சாதாரண எஞ்சின்களுக்கு எங்களிடம் இருந்த தொண்ணூற்றொன்று போதும். டர்போ வைத்த எஞ்சின் கூடுதலாக நசுக்கும். அதற்குக் குறைந்தது தொண்ணூற்றைந்து வேண்டும். என் மனைவியின் வண்டி டர்போ வண்டி. புறா நிறம், நாலு சக்கரமும் இழுக்கும், மலை ஏறுவதற்கென்றே தேடிப்பிடித்து வாங்கினாள்.

வாங்கிய முதல் நாளே சொல்லிவிட்டேன், "பெட்ரோல் விஷயத்த எங்கிட்ட விட்டுடு. நீ பம்புல வந்து நிக்கவேண்டாம்." அவளுக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே பங்குக்கு எடுத்துப்போய் நிரப்பி, டயரில் காற்றுப் பார்த்து, கண்ணாடி துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவேன். உடன் வேலை செய்யும் நர்ஸ்கள் அவளிடம், உனக்கு வாய்ச்ச மாதிரி எங்களுக்கு வாய்க்கலையே என்பார்களாம். அவளே வந்து சொல்வாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே ஒன்றும் எழுத வேண்டாம்.

நான் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவன். சமைப்பேன். இரண்டு தட்டு வைப்பேன். அவள் ஏழு மணிக்கு வருவாள், சில நாள் எட்டு. வந்ததும் கையைக் கழுவிக்கொண்டே பேச ஆரம்பிப்பாள். இன்றைக்குப் பிறந்தது தலை நிறைய முடியோடு பிறந்தது, அந்தத் தச்சன் பெண்டாட்டிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, உச்சிக் குடியிருப்புத் தையல்காரி மறுபடி உண்டாகியிருக்கிறாள். நான் பார்த்தே இராத ஐம்பது அறுபது பேர் தினமும் எங்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். ஒருமுறை கேட்டேன்.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கயேன். அஞ்சு மணிக்கு வீடு வந்துடலாம்."

"அங்க நான் இல்லாட்டி இன்னொருத்தி இருப்பா. மேல யாருங்க இருக்கா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். நானும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சத்தம் போடுவது என் சுபாவம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொண்ணூற்றொன்றை நிரப்பினேன்.

அதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த எஞ்சின்களில் காது மாதிரி ஒரு சென்சார் உண்டு. உள்ளே அடிக்கிற சத்தம் கேட்டால் அதுவே வேகத்தைத் தணித்துவிடும். வண்டி கொஞ்சம் சோம்பேறியாகும், அவ்வளவுதான். வண்டி சோர்ந்தால் அவளும் சோர்வாள், தூரமான இடங்களை விட்டுவிடுவாள் என்பது என் எண்ணம். அவள் என்ன செய்தாள் தெரியுமா, அரை மணி முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தாள். திரும்பி வருவதும் அரை மணி தள்ளிப்போனது.

ஆகவே மண்ணெண்ணெய் கலந்தேன். பங்கில் இயந்திர பாகங்கள் கழுவ ஒரு பீப்பாய் இருக்கும். முதலில் ஒரு லிட்டர். பிறகு மூன்று. அதன் ஆக்டேன் எண்ணைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மூடிக்குள் இருந்த ஸ்டிக்கரையும் வெந்நீர் வைத்து உரித்துவிட்டேன். தற்செயலாக விஷயம் தெரிந்த யாராவது பார்த்துவிடக்கூடாதே என்று.

ஒரு மாதத்தில் சத்தம் வந்தது. சாப்பிடும்போது சொன்னாள்.

"மேடு ஏறும்போது தகர டப்பாவுல கல்ல போட்டு ஆட்டுற மாதிரி கேக்குதுங்க."

"பழைய வண்டி. நமக்கும்தான் படி ஏறினா முட்டி சத்தம் போடுது."

"ஸ்பானர்கிட்ட காட்டலாமா?"

ஸ்பானர் என்பது எங்கள் மெக்கானிக். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருப்பான், அதனால் அந்தப் பெயர். நல்ல வேலைக்காரன். தாராளமாகக் காட்டலாம் என்றேன். அவனிடம் விடுவதற்கு முந்தின நாள் டேங்கை முழுக்க வடித்துவிட்டுத் தொண்ணூற்றைந்து நிரப்பினேன். அவன் அவளையே பக்கத்தில் உட்கார வைத்து மேட்டில் ஏற்றி இறக்கினான். சத்தமே இல்லை.

"என்ன பெட்ரோல் போடுறீங்க அண்ணி?" என்று கேட்டுவிட்டு, அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்ககிட்டப் போய்க் கேக்குறேன் பாருங்க. அண்ணன் இருக்கும்போது."

மறுநாளே டேங்க் பழையபடி ஆனது. சத்தமும் வந்தது. இப்படி மூன்று முறை ஸ்பானரிடம் போனாள். மூன்று முறையும் வண்டி சமர்த்தாக நடந்துகொண்டது. மூன்றாவது முறை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு போல" என்றாள். அன்று அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் ஓய்வு எடு என்று சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முந்தைய அந்த நாள் உங்கள் கோப்பில் இருக்கிறது. நல்ல வெயில். காலை பதினொரு மணிக்குப் பங்குக்குப் போன் செய்தாள்.

"உச்சிக் குடியிருப்புத் தையல்காரிக்கு ரத்தம் போகுதாம். ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். நானே போய் ஏத்திட்டு வந்துடறேன். டேங்க்ல இருக்குல்ல?"

"நேத்துதான் நிரப்பினேன்."

"இல்ல, அந்த மேடு..." என்று இழுத்தாள். "ஒண்ணுமில்ல. எனக்குத்தான் அப்படிக் கேக்குது."

"ஸ்பானர்தான் பார்த்தானே," என்றேன்.

"ஆமா. நீங்க சொன்னா சரி. வச்சிடறேன்."

முந்தின நாள் நான் ஊற்றியது நான்கு லிட்டர். அதுவரை ஊற்றியதில் அதுதான் அதிகம்.

பங்கின் பிக்கப் வண்டி நிழலில் நின்றிருந்தது. டேங்க் நிறைய டீசல். சாவி என் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. அவளுடைய சுகாதார நிலையம் அங்கிருந்து நான்கு நிமிடம். இதை எடுத்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளி வேன் வந்தது. அதற்கு நிரப்பினேன். மேட்டில் வண்டி இழுக்காது, அவள் திரும்பி வந்துவிடுவாள், அந்தப் பெண்ணுக்கு வேறு யாராவது ஏற்பாடு செய்வார்கள் என்று நினைத்தேன். பொதுவாக யாராவது செய்வார்கள்.

வண்டி மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஜப்பான்காரர்களின் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. தையல்காரியைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அவள் புருஷனை முன்னால் உட்கார வைத்துத் திரும்பியிருக்கிறாள். கீழே வருவதற்கு முன் கணவாயில் ஒரு மேடு உண்டு, மூன்று கிலோமீட்டர். அதன் பாதியில் பிஸ்டனில் ஓட்டை விழுந்து வண்டி நின்றது. அங்கே போனும் எடுக்காது. புருஷன் உதவி கேட்டு இறங்கி ஓடினான். ஒரு லாரி கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அவன் லாரியோடு வரும்போது தையல்காரியும் உயிரோடு இல்லை, குழந்தையும் இல்லை. அந்த சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தவளே அவள்தான். பூப்போட்ட துணி. முதல் பிரசவம் பார்த்ததற்கு என் மனைவிக்கு அன்பளிப்பு.

தகவல் வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் போனேன். உடலை லாரியில் கொண்டுபோய்விட்டார்கள். அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டையும் மடிமேல் மலர்த்தி வைத்திருந்தாள். கொண்டுபோயிருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். காரைக் கட்டி இழுத்து, முதலில் பங்குக்குக் கொண்டுவந்தேன். காரில் ஸ்டியரிங் பிடித்து வந்த அவளை அந்த முன் சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு, டேங்கை வடித்து நல்ல பெட்ரோல் ஊற்றினேன். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பிறகுதான் ஸ்பானரின் கடைக்குப் போனோம்.

அவன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாசக்கணக்கா உள்ள அடிச்சிருக்கு அண்ணே. சென்சார் செத்திருக்கும். எனக்குத்தான் புத்தி இல்ல" என்று அழுதான். அவள், "உங்க தப்பில்ல தம்பி. எனக்கு அந்த மேட்டுல கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. காதுக் கோளாறுன்னு நெனச்சு இன்னும் அழுத்தினேன்" என்றாள். அதையேதான் உங்களுக்கும் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறாள். அலட்சியம், முழுப்பொறுப்பும் என்னுடையது என்று. அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தவன் நான்தான்.

இதற்கெல்லாம் பிறகு நான் நன்றாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் வீடு அமைதியாக இருக்கிறது. அவள் வேலையை விட்டுவிட்டாள். வண்டி எதிலும் ஏறுவதில்லை. ஐந்து மணிக்கு நான் வரும்போது வீட்டில் இருக்கிறாள். சேர்ந்து சாப்பிடுகிறோம். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். பேச்சு குறைந்துவிட்டது. குழம்பு எப்படி இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்பாள், அன்றைக்குக் குழம்பே வைத்திருக்க மாட்டேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஜெயிலுக்குப் பயந்து என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கும். உண்மையைச் சொல்வதென்றால், ஜெயிலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒரு நாள் சொல்லத்தான் இருந்தேன். போன மாதம், ஒரு சாயங்காலம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "அந்த சத்தம் நெஜமாவே இருந்துச்சா, இல்ல என் பிரமையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். இருந்தது, நான்தான் வரவழைத்தேன் என்று சொன்னால் ஐந்தாறு நாள் அழுவாள். பிறகு எழுந்து, சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மேலே போய்விடுவாள். எனக்கு அவளைத் தெரியும். அதனால், "பிரமைதான், மறந்துடு" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோல் தொண்ணூற்றொன்று, அதில் மண்ணெண்ணெய் நான்கு லிட்டர், தெரிந்தே ஊற்றினேன். தையல்காரியும் குழந்தையும் இறந்தது அதனால்தான். கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதை என் மனைவிக்குத் தெரியப்படுத்த வேண்டாம். அவள் ரொம்ப மென்மையானவள், மேடம். தாங்க மாட்டாள்.