கிலோவால் வகுத்த மூச்சு

வளரும் குழந்தையின் மூச்சுத்திறனை எடையால் வகுப்பது சரிதானா? புத்தூரிலிருந்து திருப்பதி போகும் ரயிலில் எதிர் சீட்டுப் பெண்கள் இருவர் பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு விடை தெரியவில்லை.

“பாப்பாவுக்கு ராத்திரி சோத்த நிறுத்திட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாடி இது? வளர்ற பொண்ணு துன்னாம இருக்குமா?”

“ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல மாஸ்க் மாட்டி ஓடவிட்டு மூச்ச அளந்தாங்க. மார்க்கு போன வருசத்தவிட கம்மி.”

“ஓட முடியலியா?”

“அதிகமாத்தான் ஓடினா. அளந்தத கிலோவால வகுக்கறாங்களாம். இவ எட கூடிப்போச்சி.”

“அப்ப வகுக்கறத நிறுத்தச் சொல்லுடி. சோத்த இன்னாத்துக்கு நிறுத்தற?”

என் மகளும் ஒரு ஸ்போர்ட்ஸ் ஸ்கூலில்தான் படிக்கிறாள். அதே மூச்சுச் சோதனையில் அவள் மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. அன்று காலை நானும் அவள் தட்டில் ஓர் இட்லியைக் குறைத்திருந்தேன். வளர்ச்சியையும் சேர்த்து இந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.