பெட்டைகளுக்குத் தொற்றக் கூடாது

ஃபெரட்டுக்குப் பாலும் பாணும் கொடுக்கக் கூடாது. இங்கே பலர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். பிறகு வயிற்றால் போகிறது, மயிர் மங்குகிறது என்று முறையிடுகிறார்கள். பார்வைக்கு அது நம் ஊர்க் கீரிப்பிள்ளை மாதிரி, பச்சை இறைச்சி தின்னப் பிறந்தது. முயல், கோழித்தலை, கொஞ்சம் ஈரல், எந்நேரமும் நல்ல தண்ணீர், படுக்கக் காய்ந்த வைக்கோல். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் அது உங்களுக்கு ஒரு குறையும் வைக்காது.

இன்ஸ்பெக்டர் ஐயா ஆனந்தராசாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எலிசபெத் அம்மா, நான் சொல்கிறபடியே அவருக்கு மொழிபெயர்த்துவிடுங்கள். நீங்கள் மலேசியத் தமிழர், வேதக்காரர் என்றாலும் சில காரியங்கள் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அவருக்குத்தான் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஆக்லாந்துக்கு ஒதுக்குப்புறமாக, மாஸி என்கிற இடத்தில் நாங்கள் எடுத்த காணியில் இரண்டு கொட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஃபெரட் கூடுகள். மற்றது சும்மா கிடந்தது. ஃபெரட் தோலுக்கு நல்ல கிராக்கி இருந்த காலம் அது, ஆளாளுக்கு வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். நான் தோலைவிட இனத்தைத்தான் பார்த்தேன். நல்ல கடுவனும் நல்ல பெட்டையும் வைத்திருப்பவனைத் தேடி மற்றவர்கள் வரவேண்டும். பெட்டை சூட்டுக்கு வந்தால் கடுவனிடம் விட்டே ஆகவேண்டும். விடாவிட்டால் இரத்தம் வற்றிச் செத்துப்போகும். கடுவன் அதன் பிடரியைக் கவ்விக் கூடு முழுக்க இழுத்துக்கொண்டு திரியும், பெட்டை கத்தும். என் மனைவி புஷ்பவதி முதல் தடவை அதைப் பார்த்துவிட்டுப் பிரித்துவிடச் சொல்லி அழுதாள். கத்துவதெல்லாம் நோவு அல்ல என்று அவளுக்கு அன்றே விளங்கப்படுத்தினேன்.

இலங்கையில் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவளுடைய தம்பி ஆனந்தராசாவை நான்தான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டேன். விசா, டிக்கெட், சாப்பாடு, உடுப்பு எல்லாம் என் பொறுப்பு. நன்றியுள்ள பெடியன், அதில் நான் குறை சொல்லமாட்டேன். மிருகங்களில் உயிராக இருந்தான். என் விரல்களைப் பாருங்கள், எல்லாம் கடிபட்ட தழும்பு. அவனை ஒன்றும் கடித்ததில்லை. சட்டைக்குள் விட்டுக்கொண்டு திரிவான், அவை அவன் கழுத்தடியில் நித்திரை கொள்ளும். புஷ்பவதி பார்த்துச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதை மறைத்து என்ன?

போன ஆவணியில் அவனுக்கு ஹென்டர்சனில் ஒரு தளபாட ஃபாக்டரியில் வேலை கிடைத்தது. அங்கேயே அறை எடுத்திருக்கிறேன் அத்தான் என்று பணிவாகத்தான் சொன்னான். அன்றைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே புஷ்பவதி கேட்டாள்: "நானும் போய் அவனோட கொஞ்ச நாள் இருந்திட்டு வரட்டோ?" நான் கோபிக்கவில்லை. பெட்டைகள் சினைப்படும் காலம், அது முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன்.

அவன் போவதற்கு முன்பே அவனுக்குத் தடிமன் பிடித்தது. பிறகு காய்ச்சல். இதை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்: மனிசருக்கு வருகிற இந்தக் காய்ச்சல் ஃபெரட்டுக்கும் தொற்றும். இது என் கற்பனை இல்லை, எந்த மிருக வைத்தியரையும் கேட்டுப் பாருங்கள். அவனுக்கும் அது தெரியும். மற்றக் கொட்டிலில் படுக்கச் சொன்னபோது ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. "ஓம் அத்தான், பெட்டையளுக்குத் தொத்தக் கூடாது," என்று தலையணையையும் தூக்கிக்கொண்டு தானாகத்தான் உள்ளே போனான். கொண்டியைப் போட்டது மட்டும் நான்.

புஷ்பவதி டொக்டரைக் கூப்பிடுவோம் என்றாள். அவனுக்கு அம்மாள் வந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். ஐயாவுக்குச் சொல்லுங்கள், எலிசபெத் அம்மா: கொப்புளிப்பானை, அதுதான் சின்னம்மையை, நாங்கள் வருத்தம் என்று சொல்வதில்லை. தெய்வம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்போம். மருந்து கொடுக்கமாட்டோம், ஊசி போடமாட்டோம், வெளியாட்களை எடுக்கமாட்டோம், வாசலில் வேப்பிலை கட்டுவோம். புஷ்பவதிக்குச் சின்ன வயதில் அது வரவில்லை, ஆகவே உள்ளே போகக் கூடாது என்றேன். ஆக்லாந்தில் வேப்பிலைக்கு எங்கே போவது? பக்கத்துக் காணி வேலியில் அதே சாயலில் ஒரு மரம் நின்றது. அவளே போய் ஒடித்து வந்து கொட்டில் கதவில் கட்டினாள். முட்டை, மீன் எல்லாவற்றையும் வீட்டை விட்டு எடுத்தாள். அவளைப் போல ஆசாரமான பெண்ணைக் காண்பது அரிது.

சனிக்கிழமை நகரத்தில் எப்சம் பக்கத்திலிருந்து விநாயகமூர்த்தி வந்தார். எங்கள் ஆட்களுக்குள் பேர்பெற்ற டொக்டர். ஆனந்தராசாவை வழியனுப்ப வந்தவரிடம் அவனுக்கு அம்மாள் என்று சொன்னேன். "ஒருக்கா எட்டிப் பாக்கட்டே?" என்றார். காருக்குள் அவருடைய மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். "ஐயோ, நீங்கள் கிட்டப் போகாதேங்கோ, அவவுக்குக் கூடாது," என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. கொண்டுவந்த தோடம்பழங்களைப் படலையடியில் வைத்துவிட்டுக் காரைத் திருப்பினார். அவர் நின்ற இடத்துக்கு இருமல் கேட்டிருக்கும். தன் பிள்ளையை நினைத்தபடியால் கேட்கவில்லை போலும்.

நான் அவனைக் கவனிக்காமல் விடவில்லை. மிருகங்களுக்குத் தண்ணீர் வைக்கிற நேரம் அவனுக்கும் வைத்தேன். கஞ்சி வைத்தேன். புதிய வைக்கோல் போட்டேன். ஓரிரண்டு தரம் எழும்பிக் கதவடிக்கு வந்தான், தள்ளிப் படுக்கவைத்தேன். பிறகு அவனே எழும்பவில்லை.

கடைசியில் குரல் மட்டும்தான் இருந்தது. புஷ்பவதி கதவுக்கு வெளியே கைகூப்பி நின்றபோது கூப்பிட்டான்: "அக்கா, எனக்கு அம்மாள் இல்லை அக்கா. மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு. கதவைத் திறவுங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சன்னி கண்டு பிதற்றுறான்," என்றேன். "வந்த தாயை இல்லையெண்டு சொல்லுறான். அவளுக்குக் கோபம் வரப்போகுது, நீ மன்னிப்புக் கேள்."

அவள் ஈரமண்ணில் முழங்காலில் இருந்து, தம்பி அறியாமல் பேசுகிறான், பொறுத்துக்கொள் தாயே என்று கெஞ்சினாள். உள்ளே அவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அம்மாளோடுதான் கதைத்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு மனம் நிறைவாக இருந்தது. அவள் என் சொல்லைத்தான் கேட்டாள்.

விடிய அவன் கத்தவில்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன், இனித் தடை ஒன்றும் இல்லைத்தானே. புஷ்பவதி தண்ணீரும் துணியும் கொண்டுபோய் அவன் சட்டையைக் கழற்றினாள். நெஞ்சைப் பார்த்தாள், முதுகைப் புரட்டிப் பார்த்தாள், உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். கொப்புளம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குள் போய் டெலிபோனை எடுத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆகவே, ஓம். அவன் சாவான் என்று தெரிந்துதான் பூட்டிவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று ஐயா எழுதக் கூடாது. பெட்டைகளைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. அவற்றில் ஒன்றுகூடத் தும்மவில்லை, போய்ப் பாருங்கள், எல்லாம் சினையாக இருக்கின்றன.

அவனுக்கு அந்தக் காய்ச்சல் எங்கிருந்து தொற்றியது என்று கேட்கிறாரா? என்னிடமிருந்துதான். முந்தின கிழமை முழுக்க எனக்குக் கடும் காய்ச்சல், இருமிக்கொண்டேதான் கூடு கூடாகப் போய் இரை வைத்தேன். மிருகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கவனமான ஆள், ஐயா. அவனுக்கு அந்தக் கவனம் போதாது.