பூ என்ற சொல்

அறிக்கையில் உவமை கூடாது என்பது என் கொள்கை. நாகசாகியில் முப்பத்தோராண்டு திசு ஆய்வகத்தை நடத்தியவள் நான். என்னிடம் பயின்ற எவரும் இதை மறுக்கமாட்டார். நிகழ்ந்ததை வரிசையாகக் கூறும்படி விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கேட்டீர்கள். வரிசை எனக்குப் பழக்கம்.

கோத்தோ தீவில் வாழ்ந்த என் தங்கை தோமிக்கு முதுகிலும் தொடையிலும் சிவந்த தடிப்புகள் எழுந்தன. கப்பலேறி என்னிடம் வந்தாள். அவள் தோல் துணுக்கை ஆராய்ந்தவர் என் இளைய மருத்துவர் குரோகி. டி அணு எனப்படும் வெள்ளையணுவில் தோன்றும் புற்றுநோய் என்பதில் ஐயமில்லை. எந்த வகை என்பதே கேள்வி. ஒரு வகை தோலிலேயே பத்து, இருபது ஆண்டுகள் தங்கி மெதுவாக வளரும். மற்றொன்று எங்கள் கடற்கரைகளில் கிருமியால் வந்து, சில மாதங்களில் ஆளை முடிக்கும். தோல் துணுக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரத்தத்தைப் பார்க்கவேண்டும்; கிருமிச் சோதனையும் செய்யவேண்டும்.

குரோகி இரத்தத்தைப் பார்த்தார். உட்கரு இதழ் இதழாகப் பிரிந்த அணுக்களைக் கண்டு, ‘பூ அணுக்கள்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். நான் அச்சொல்லை அடித்து, அறிக்கையைத் திருப்பினேன்.

“எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க, டாக்டரம்மா.”

“பூக்கடை வைக்கப் போறீங்களா? கண்டதை எழுதுங்க. எது மாதிரி இருக்குன்னு யாரும் கேக்கல.”

மூன்று முறை திருப்பினேன். நான்காம் முறை ‘மடிப்புள்ள உட்கரு’ என்று எழுதினார். பூ அணு என்றால் கிருமி வகை என்றே எவரும் படிப்பார்; மடிப்புள்ள உட்கரு மெதுவான வகையிலும் உண்டு. ஆகவே அவ்வகையின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன். எங்கள் மொழியில் அப்பெயருக்குக் காளான் வடிவக் கட்டி என்று பொருள். காளானும் உவமைதானே என்று குரோகி முணுமுணுத்தார். நூலில் ஏறிய பெயர் உவமையாகாது என்று விளக்கினேன்.

கிருமிச் சோதனைக்கென எடுத்துவைத்த இரத்தத்தை நானே கழுவுதொட்டியில் கொட்டினேன். விண்ணப்பத்தில் ‘தேவையில்லை’ என்று குறித்தேன். வகை முடிவான பின் சோதனை மிகை.

காரணம் கேட்கிறீர்கள். அந்தக் கிருமி பெரும்பாலும் தாய்ப்பாலில் வருவது. எங்கள் ஊர் மருத்துவர் கூட்டங்களில் அது அப்போதே பேசப்பட்டது. தோமிக்கு அது உண்டென்றால், கொடுத்தவர் எங்கள் அம்மா. சர்க்கரைவள்ளிக் கிழங்கை எங்களுக்கு வைத்துவிட்டு, அவித்த நீரைக் குடித்துப் பால் கொடுத்தவர் அவர். அவரை நோய்க்குக் காரணமாக எழுதுவது முறையன்று.

தோமிக்குக் களிம்பும் ஒளிச் சிகிச்சையும் தரப்பட்டன. “அக்காவே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கா, எனக்கென்ன பயம்,” என்று வார்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

டிசம்பரில் அவள் மகள் மசுமி தீவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். மறுநாள் தொலைபேசியில் கேட்டாள்.

“பெரியம்மா, அம்மா உடம்பு இப்படி இருக்கே. பாப்பாவுக்கு நான் பால் குடுக்கலாமா? இங்க சில பேரு வேணாங்கறாங்க.”

“குடும்மா. உங்கம்மாவுக்கு இருக்கறதுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்ல.”

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அறிக்கை பிழையாகும்.

பிப்ரவரியில் கழுத்தில் நெறி கட்டி, இரத்தத்தில் கால்சியம் ஏறி, என்னை யாரென்று தெரியாமலேயே தோமி இறந்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மசுமி பதினொரு மாதம் பால் கொடுத்தாள்.

அக்குழந்தைக்கு இப்போது எட்டு வயது; அவள் இரத்தத்தில் கிருமி உள்ளதாகக் கூறுகிறீர்கள். கிருமியுள்ள நூறு பேரில் நான்கைந்து பேருக்கே நோய் வரும். அதுவும் பெரும்பாலும் முதுமையில்.

அந்த அணுக்களைக் குரோகிக்கு முன்பே நான் பார்த்திருந்தேன். முதல் பார்வையிலேயே கிருமி வகை என்று தெரிந்துவிட்டது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

நான் அஞ்சிச் செய்ததாகக் குரோகி உங்களிடம் கூறியிருக்கிறார். அது தவறு. தோமியும் நானும் குடித்தது ஒரே தாயின் பால். ஆயினும் என் இரத்தத்தைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகளாகின்றன, நேரம் வாய்க்கவில்லை.