எனக்கு மட்டும் கேட்கும் மணி

வீட்டுக்கு அலாரம் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திருகாணிகளை. எங்கள் பக்கம் கடற்காற்று. சாதா இரும்புத் திருகாணி ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. துருப்பிடித்து, கேமரா தலைகுப்புறத் தொங்கிவிடும். முப்பத்தேழு வருடமாகத் திருவொற்றியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், மேடம். உங்கள் ஸ்டேஷன் வாசல் கேமராவுக்கும் சாதாதான் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது பார்த்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் எபினேசர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கடைக்கு வருகிறவர்கள் அண்ணாச்சி என்பார்கள். மனைவி ரெஜினா. ஒரே மகள் ஜெஸ்லினை மாதவரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வீடு காலடிப்பேட்டையில். கடையிலிருந்து ஏழு நிமிட நடை.

ரெஜினாவுக்கு மறதி வந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு ஐம்பத்துமூன்று வயதுதான். முதலில் பாட்டு மறந்தது. சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டாள். மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பு மறந்தது, தெரு மறந்தது. போன வருடம் எண்ணூர் விரைவுச் சாலை நடுவில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே நின்றுகொண்டிருந்தவளை ஒரு டிரைவர் இறங்கி வந்து கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகுதான் அலாரம் வேண்டும் என்று ஜெஸ்லின் சொன்னாள்.

தப்ரேஸைக் கூப்பிட்டேன். இந்தப் பக்கத்தில் பாதிக் கடைகளுக்குக் கேமரா போட்டவன் அவன்தான். மூன்று விதமான அலாரம் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். ஒன்று, மொட்டை மாடியில் சைரன் வைப்பது. கதவு திறந்தால் தெருவே எழுந்துவிடும். இரண்டாவது, கதவு திறந்ததும் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் போன் போகும். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பப் போகும். மூன்றாவது, ஒரு கைப்பேசிக்கு மட்டும் மணி வரும். கேமராவில் வாசலைப் பார்க்கலாம். வாசலில் நிற்கிறவரோடு பேசவும் செய்யலாம்.

தப்ரேஸ் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொன்னான். "அண்ணாச்சி, நீங்க கடைல யாவாரத்துல இருப்பீங்க. பக்கத்து வூட்டுக்கும் பொண்ணுக்கும் போன் போனா இன்னா தப்பு? யாராச்சும் ஒருத்தர் ஓடியாருவாங்கல்ல."

அவன் சொன்னது நியாயம்தான். நான் மூன்றாவதை எடுத்தேன். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஜெஸ்லினுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை, அவளை ஏன் பதற வைக்க வேண்டும் என்றேன். மகள் நம்பரையாவது போடலாமே என்று அவன் மறுபடியும் கேட்டான். வேண்டாம் என்றேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, மேடம். ஆனால் ஏதோ ஒன்றுக்கு இடம் விட்டுவைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் வாரத்தில் பதினாறு முறை மணி அடித்தது. பதினாறு முறையும் ஓடினேன். பகலில் ரெஜினாவைப் பார்த்துக்கொள்ள வியாசர்பாடியிலிருந்து வேம்பு வருவாள். அவள் குளியலறைக்குள் போயிருக்கும்போதோ துணி காயப்போடும்போதோ ரெஜினா கதவைத் திறப்பாள். வேம்பு மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரெஜினாவுக்குத் தலை பின்னி, பூ வைத்து, ஒவ்வொரு வாயாக ஊட்டிவிடுவாள். ரெஜினா கடித்த தழும்பு அவள் மணிக்கட்டில் இருக்கிறது. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சர்ச்சில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இந்தக் காலத்தில் யார் பெண்டாட்டியை இப்படிப் பார்க்கிறார்கள் என்று ஐரீன் டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜெஸ்லின் இரண்டு முறை வந்து அம்மாவை மாதவரத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டாள். இரண்டாவது முறை ஆட்டோவிலேயே வந்து, அம்மாவின் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள். நான் அந்தப் பையை வாங்கித் துணிகளைத் திரும்ப அடுக்கினேன். என் மனைவியை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்றேன். இடம் மாறினால் அவளுக்கு இன்னும் குழம்பும் என்றும் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னதுதான்.

அப்போது ரெஜினாவுக்கு என்னைத் தெரியவில்லை. இதை ஜெஸ்லினிடம் நான் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாடு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பாள். "எங்க வீட்டுக்காரரு இப்ப வந்திருவாரு. அவரு வந்தாச்சுன்னா நீங்க போயிரணும், என்ன?" என்பாள். சரி என்பேன். ஒரு நாள் அவள் முகத்தைத் துடைக்கக் கை நீட்டினேன். சுவரோரமாக ஒடுங்கி, யாரையோ கூப்பிட்டு அழுதாள். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு முன்னால், அவள் யாரைத் தேடுகிறாளோ அந்த ஆளாகவே நின்றுகொண்டு, நான் துண்டைக் கையில் வைத்திருந்தேன். அடிக்கவில்லை. திட்டவில்லை. வெளியே வந்து வாசல் திருகாணிகளில் எண்ணெய் தடவினேன்.

அதன்பிறகு எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ரெஜினா ஏற்கெனவே போய்விட்டாள், உடம்பு மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்ட பிறகு தூக்கம் வந்தது.

ஜூலை கடைசிச் செவ்வாய்க்கிழமை. வேம்புவின் தங்கை மகளுக்குப் புளியந்தோப்பில் மஞ்சள் நீராட்டு. அவள் லீவு கேட்கவில்லை. நான்தான் மத்தியானம் போய்விட்டு வா என்றேன். "அம்மாவ தனியா வுட்டுட்டு எப்டி அண்ணாச்சி? நீங்க வந்தப்பறம்தான் நான் கெளம்புவேன்" என்றாள். இரண்டு மணிக்குக் கடையிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். தெருமுனைக்கு வந்துவிட்டேன், கதவைச் சும்மா சாத்திவிட்டு நீ கிளம்பு, பஸ் போய்விடும் என்றேன். வெளிக் கேட்டின் பூட்டைக் காலையிலேயே கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்திருந்தேன். கேட்டவர்களிடம் எண்ணெய் போட என்றேன். அது மேசை இழுப்பறையில் இருந்தது.

இரண்டு பதினேழுக்கு மணி வந்தது. ஒரு மீனவர் கயிறு வாங்க வந்திருந்தார். பன்னிரண்டு மீட்டர் கேட்டார். அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். திரையில் ரெஜினா வாசலில் நின்றாள். வேம்பு உடுத்திவிட்ட நீலப் புடவை. எங்கள் வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பினால் கடை, வலது பக்கம் போனால் விரைவுச் சாலை, அதைத் தாண்டினால் கடல். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் அங்கே கரை. அந்த வாரம் அலை கற்களுக்கு மேலே ஏறி விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் தெரியும். கயிறு வாங்கியவர்கூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசி 'பரவாயில்லையா' என்று கேட்கும். பரவாயில்லை என்ற பொத்தானை அழுத்தினேன். மணி நின்றது.

ஐந்து மணிக்கு ஆட்கள் வந்து சொன்னார்கள். கற்களுக்கு இடையில் கிடந்தாளாம். நான் கடையை மூடிவிட்டுப் போனேன். எல்லோரும் கேட்டபோது வேம்பு கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சொன்னேன். ஜெஸ்லின் அவளைக் கன்னத்தில் அறைந்தாள். இரண்டு நாள் நீங்கள் அவளை இதே நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். "அண்ணாச்சி, நீங்க வந்துட்டேன்னுதானே போன்ல சொன்னீங்க" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். நான் தலை குனிந்துகொண்டேன். துக்கத்தில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்யாதே என்று அவளைத்தான் அதட்டினார்கள். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தம்தான்.

என் கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டேன். வாசல் பதிவு வேறு இடத்தில் ஒரு மாதம் இருக்கும் என்று தப்ரேஸ் உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியாது. கோபம் இல்லை. அவன் தொழில் தெரிந்தவன்.

நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். பார்த்தேன். அவள் கையில் இருந்தது சாப்பாட்டுத் தூக்கு. உள்ளே கழுவாத அரிசி இருந்ததாக உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறது. கேட்டைத் தாண்டி வந்து, நாற்பத்தைந்து வினாடி நின்று, கேமராவை நிமிர்ந்து பார்த்து, "எபினேசர் கடைக்கு எப்படிப் போகணும்? அவரு சாப்பிடல" என்று கேட்கிறாள். யாரும் பதில் சொல்லாததால் இன்னொரு முறை கேட்கிறாள்.

சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன், அதனால் கேட்கவில்லை என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிடுங்கள், மேடம். இரண்டு முறையும் கேட்டது. பேசுகிற பொத்தான் மேல் என் விரல் இருந்தது. இடது பக்கம் என்று சொன்னால் போதும், அவள் என்னிடம் வந்திருப்பாள். வந்து என்னைப் பார்த்து, என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருப்பாள். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். விரலை எடுத்துவிட்டேன். அவள் வலது பக்கம் திரும்பினாள். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெஸ்லினிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மா பயப்படவில்லை, தன் இஷ்டப்படி நிதானமாகத்தான் நடந்து போனாள் என்று சொல்லுங்கள். பதிவில் அவள் அழுகிறாள் என்கிறீர்கள். அது அழுகை இல்லை, மேடம். வெயிலில் அவளுக்குக் கண்ணில் நீர் வரும்.