எட்டு மணி வெளிச்சம்

நான் நேரம் தவறாதவன். என் மேல் புகார் எழுதிக் கொடுத்தவர்கள்கூட இதை மறுக்க மாட்டார்கள். இந்தச் சிறைக் குடியிருப்பில் கோழிக் கொட்டகையின் விளக்குப் பொறுப்பை என்னிடம் விட்ட பிறகு, நூறு கோழிக்கு அறுபது முட்டை என்றிருந்தது எண்பத்திரண்டாக ஏறியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலாளர் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஹம்தம், முன்கூட்டியே விடுதலைக்கு மனுப் போடலாம்ப்பா. ஆனா செஞ்சத ஒத்துக்கிட்டு ஒரு கடுதாசி எழுதணும். வருத்தம் தெரியணும்" என்றார். எழுதுகிறேன். வருத்தம் தெரிகிறதா இல்லையா என்பதை விடுதலைக் குழுவினர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மார்கிலான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தாய்க்கோழிப் பண்ணையில் பத்தொன்பது வருடம் ஒளிப் பொறுப்பாளனாக இருந்தேன். கறிக்கோழியைச் சாப்பிடுகிறவர்கள் அதற்கும் ஒரு தாய் உண்டு என்று நினைப்பதே இல்லை. அந்தத் தாயை உருவாக்குவது எங்கள் வேலை. வெடக்கோழி பருவத்துக்கு வருவதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை, வெளிச்சமும் தீர்மானிக்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து இருபதாம் வாரம் முடியும்வரை நாளுக்கு எட்டு மணி நேரம் மங்கிய வெளிச்சம், மீதிப் பதினாறு மணி நேரமும் கும்மிருட்டு. தீனியும் அளந்துதான். இருபத்தோராம் வாரத்தில் ஒரே நாளில் பதினான்கு மணி நேரமாக ஏற்றிவிட வேண்டும். வசந்தம் வந்துவிட்டதென்று கோழி நம்பிவிடும். நாலு வாரத்தில் முட்டை விழும். அவசரக்குடுக்கைகள் பதினாறாம் வாரத்திலேயே விளக்கைப் போடுவார்கள். எடை ஏறாத கோழி கோலிக்குண்டு போல முட்டை போட்டு, பின்புறம் பிதுங்கிச் சாகும். நான் ஒருநாளும் அவசரப்பட்டவன் இல்லை.

என் மனைவி மவ்ஜூதா. கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. என் அம்மா அவளை அழைத்துக்கொண்டு போகாத தர்கா கிடையாது. ஓர் ஓதுகிறவர் ஆட்டு நுரையீரலால் அவள் முதுகில் அடித்தார். இன்னொருவர் ஏதோ மூலிகையை எரித்துப் புகை போட்டார். நான் படித்தவன், இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாவட்ட மருத்துவமனை டாக்டரம்மா பரிசோதனைக்கு இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்றில் என் பெயர் இருந்தது. அவசரத்தில் தவறாக எழுதிவிட்டார் என்று அதைக் கிழித்துப் போட்டேன்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு சாப்பாட்டு நேரம். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பண்ணை விஷயத்தை வீட்டில் சொல்வது என் வழக்கம்.

"மூணாவது கொட்டகை முட்டைய இன்னிக்கு விளக்குல பிடிச்சுப் பாத்தோம். நூத்துக்கு முப்பது கூமுட்டை. நாளைக்கு எண்பது சேவலக் கழிச்சாகணும்" என்றேன்.

மவ்ஜூதா கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "கோழியக் கழிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கோழி என்ன பண்ணும்? அது வேலைய அது செஞ்சாச்சு. கரு கூடலேன்னா மொதல்ல சேவலத்தான் பாக்கணும். இது தெரியாதவன் பண்ணைக்கே வரக் கூடாது."

"சரிதான்" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "பண்ணையிலயாவது தெரிஞ்சிருக்கே."

அம்மா முதலில் சிரித்துவிட்டார். பிறகு யாரைப் பற்றிய பேச்சு என்று புரிந்து, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நான் கோபப்படவில்லை. இதைக் குழுவினர் குறித்துக்கொள்ள வேண்டும். நாலு நாள் கழித்து, நவம்பர் ஒன்றாம் தேதி, வைத்தியத்தைத் தொடங்கினேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டுப் பின்கட்டில் பழ வற்றல் போட்டு வைக்கும் அறை ஒன்று உண்டு. ஒரே ஒரு சன்னல். பண்ணையில் மின்விசிறி வாய்க்குக் கட்டும் கறுப்புத் தாளை அதன்மேல் இரண்டு மடிப்பாக அடித்தேன். நாற்பது வாட் பல்பு ஒன்று, தானாகப் போட்டு அணைக்க ஒரு டைமர். காலை எட்டுக்கு எரியும், மாலை நாலுக்கு அணையும். தாஷ்கண்டில் ஒரு பேராசிரியர் சொன்ன வைத்தியம் என்று அவளிடம் சொன்னேன். பேராசிரியர் நான்தான், ஆனால் தாஷ்கண்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். குழந்தை என்றதும் அவள் உடனே சம்மதித்தாள். கட்டாயப்படுத்தினேன் என்று தீர்ப்பில் எழுதியிருப்பது முழுப் பொய். நாலாம் நாள்தான், "போதுங்க, கண்ணெல்லாம் எரியுது. வெளிய வந்து வாசலக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அதற்குள் பூட்டுப் போட்டாகிவிட்டது.

வாசல் ஒரு பிரச்சினைதான். எங்கள் பக்கத்தில் மருமகள் விடிவதற்குள் தெருவரை கூட்டித் தெளித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு வீடு தள்ளியிருப்பவர்களும் என்னவென்று கேட்பார்கள். அம்மா கெட்டிக்காரி. "மருமக நாப்பதுல இருக்கா. வைத்தியம்" என்றார். அவ்வளவுதான், ஊர் அடங்கிவிட்டது. புதுப்பெண்ணுக்கு நாற்பது நாள், பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள், ஓதி முடித்தவளுக்கு நாற்பது நாள் என்று எங்களிடம் உண்டு. அந்த நாற்பதில் யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள். அந்த எண்ணுக்கு இருக்கும் மரியாதை பூட்டுக்குக்கூடக் கிடையாது. முதல் நாற்பது முடிந்ததும் அம்மா இரண்டாவதைத் தொடங்கினார். பிறகு மூன்றாவது.

வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்தேன். கோதுமை மூட்டை நிறுக்கும் தராசு போதுமானதாக இருந்தது. காலையில் அரை ரொட்டி, மாலையில் பாசிப்பயற்றுக் கஞ்சி. வளரும் கோழிக்குப் பல பண்ணைகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தீனி. இவளுக்கு நான் தினமும் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தை வழக்கில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஒவ்வொரு எடை நாளிலும் அவள் ஒன்றையே கேட்பாள். "என்னைக்குத் தெறப்பீங்க?"

"இருபது வாரம். நவ்ரூஸ் காலையில."

நவம்பர் ஒன்றிலிருந்து இருபது வாரத்தை எண்ணிப் பாருங்கள், மார்ச் இருபத்தொன்று, வசந்தப் பண்டிகையன்று சரியாக வந்து விழும். எனக்கே அது பிடித்திருந்தது. முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், ஜனவரிக் குளிரில் கதவைத் தட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நவ்ரூஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டாள். அடங்கிப்போன வெடக்கோழி நல்ல அறிகுறி.

பதினேழு வாரம் முடிந்த அன்று, விளக்கு அணைந்த பிறகு, வெளிச்சமானியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முள் அசைந்தது. சன்னல் தாளில் ஓர் ஆணி ஓட்டை. துவரம்பருப்பு அளவுதான். கட்டிலிலிருந்து ஆணியைப் பிடுங்கித் துளைத்திருக்கிறாள். மூட்டை மேல் ஏறி நின்று, எதிர்வீட்டுக் கூரையில் பனி உருகுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். விசாரணையில் அவளே சொன்னாள்.

நான் குரலை உயர்த்தவில்லை. ஓட்டையை அடைத்தேன்.

"இன்னும் மூணு வாரந்தானேங்க?" என்று கேட்டாள்.

"இல்ல. வெளிச்சம் உள்ள வந்துடுச்சு. இனி மொதல்லேர்ந்து."

"மொதல்லேர்ந்துன்னா?"

"இருபது."

அவள் மூட்டை மேல் உட்கார்ந்தாள். "பண்ணையில இப்படி ஆனா அந்தக் கோழிங்களையும் மொதல்லேர்ந்துதான் எண்ணுவீங்களா?" என்று கேட்டாள். பண்ணையில் யாரும் அப்படிச் செய்வதில்லை, கோழிக்காக யாரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை. ரொட்டியில் மட்டும் கொஞ்சம் தின்றாள்.

மார்ச் இருபதாம் தேதி நடுப்பகலில் ஸபோஹத் அக்கா வந்தார். எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர். நவ்ரூஸுக்குத் தெருவே கூடி முளைக்கோதுமைப் பாலில் சுமலக் கூழ் காய்ச்சுவார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கைமாற்றிக் கைமாற்றிக் கிண்ட வேண்டும். அவருக்குப் பின்னால் ஆறேழு பெண்கள்.

"ஹம்தம் தம்பி, மருமகள அனுப்பு. வீட்டுக்கு ஒரு கை வேணும்."

"அவ நாப்பதுல இருக்காக்கா."

"உங்க வீட்டு நாப்பது என்ன ரப்பரா? குளிருக்கு முன்னாடி தொடங்கினது, பாதாம் பூத்தும் முடியல. நான் மூணு புள்ள பெத்தவ. என்னோட மூணு நாப்பதையும் சேத்தாலும் உங்களுது நீளுதே."

"வைத்தியம்க்கா. வெளிச்சம் படக் கூடாது."

"அவ என்ன உருளைக்கிழங்கா, இருட்டுல கொட்டி வைக்க?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மாகூட வாய்க்குள் சிரித்ததுபோல் எனக்குத் தோன்றியது. அப்போது பின்கட்டிலிருந்து, "அக்கா, நான் வரேன். நானும் கிண்டுறேன்" என்று குரல் வந்தது. மெல்லிய குரல்தான். சிரிப்பு நின்றுவிட்டது. சாவியைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. சுமலக் அடுப்புக்கு விறகு பிளக்க வைத்திருந்த கோடரியைக் கொண்டுவந்தார்கள்.

ஐம்பத்தாறு கிலோவில் தொடங்கியவள் அன்று முப்பத்தெட்டுக் கிலோ இருந்தாள். முற்றத்து வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவினாள். ஸபோஹத் அக்கா தன் சால்வையைக் கழற்றி அவள் தலைக்கு மேல் போர்த்தி, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அரசாங்கத்துக்குப் போகும் கடிதத்தில் அதை எழுத முடியாது. அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இருட்டில் இருந்த ஜீவனை உச்சிவெயிலில் இழுத்து நிறுத்துவது எந்த முறையிலும் சேர்த்தி இல்லை. அங்கேயே இதை எடுத்துச் சொன்னேன். மவ்ஜூதா அந்தப் பக்கம் திரும்பாமலே, "அக்கா, கரண்டியக் குடுங்க" என்றாள். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று கிண்டினாளாம். அதற்குள் என்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

விவாகரத்து ஆயிற்று. எனக்கு ஐந்து வருடம். அதில் இரண்டு முடிந்திருக்கிறது.

போன வாரம் அம்மா பார்க்க வந்தார். உட்கார்ந்ததும் அழுதார். மவ்ஜூதா போன வருடம் கோகந்தில் ஒரு ரொட்டிக்காரரைக் கட்டிக்கொண்டாளாம். இப்போது ஆறு மாதமாம்.

"கட்டி மூணே மாசத்துல உண்டாயிட்டாளாம்ப்பா. ஒரு வைத்தியமும் பண்ணலியாம்" என்றார் அம்மா.

"வைத்தியம் நான் பண்ணியாச்சேம்மா."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படிக்காதவர், அவரிடம் விளக்கிப் பயனில்லை. உங்களிடம் விளக்கலாம். இருட்டில் முறையாக வளர்ந்த கோழி சில சமயம் தாமதமாகத்தான் பலன் தரும். அதற்குள் அதை வேறு கொட்டகைக்கு மாற்றியிருப்பார்கள். முட்டை அங்கே விழும், பேரும் அந்தக் கொட்டகைக்கே போகும். ஆனால் வேலை நடந்தது இங்கே. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரொட்டிக்காரர் வீட்டில் விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டு அடுப்பு மூட்டுவார்கள். பதினான்கு மணி நேர வெளிச்சம் அவளுக்குத் தானாகவே கிடைத்துவிட்டது. அந்த மனிதர் எதுவும் தெரியாமலே என் முறையின் இரண்டாம் பாதியை முடித்துக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

மேலாளர் ஐயா எதையும் மறைக்காமல் ஒத்துக்கொள்ளச் சொன்னார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவோடு ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குழந்தைக்குக் காரணம் நான்தான்.