அன்றாட வாழ்வின் விபத்துகள்

இந்த மருந்து விசாரணைக்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். போனில் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். இந்த நூவர்க் நகரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வக்கீல் வேண்டாம் சார். எதை எப்படிச் சொல்வது என்று இன்னொருத்தர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பிழைப்பே அதுதான்.

என் பெயர் ப்ரெண்டா ஸ்டாசியாக். மருந்துக் கம்பெனிகளுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுப்பவள். புது மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. முடிந்ததும் விவரமெல்லாம் மூட்டை மூட்டையாக எங்கள் அலுவலகத்துக்கு வரும். நான் படித்துக் கட்டுரையாக எழுதுவேன். அதைப் பேர்பெற்ற ஒரு டாக்டருக்கு அனுப்புவோம். அவர் இரண்டு சொல்லை மாற்றிவிட்டு, மேலே தன் பெயரைப் போட்டுக்கொள்வார். ஆக்கியவள் அடுப்படியில் நிற்க, பந்தியில் பேர் வாங்குவது வேறொருத்தர். எங்கள் தொழிலில் இதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. நானும் வெட்கப்பட்டதில்லை, அந்தப் பெயர் லெனோருடையதாக இல்லாத வரைக்கும்.

டாக்டர் லெனோர் ப்ரூக்ஹார்ட். இந்த மாதம் முழுக்கப் பேப்பரில் அவள் முகம்தானே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் அவளும் ஃபிலடெல்ஃபியாவில் ஒரே ஆய்வுக்கூடத்தில் படித்தோம், ஒரே அறையில் தங்கினோம். கினிப் பன்றியின் இதயத்தை எடுத்து, எந்த மருந்து பட்டால் துடிப்பு தடம் மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. என் கை சுத்தம், என் கண் கூர்மை. அவளே சொல்வாள். ஒருநாள் துடிப்புக் கோட்டில் ஒரு நெளிவைப் பார்த்தேன். ஐந்தாறு பேர் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பேராசிரியரிடம், "ப்ரெண்டா ஒண்ணு பாத்திருக்கா சார்" என்றாள். அவர் அவள் தோளைத் தட்டி, "பலே லெனோர்" என்றார். அவள் மறுபடியும் என் பெயரைச் சொன்னாள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டிய தோள் தட்டியதுதானே.

அடுத்த வருடம் ஸ்க்ரான்டனில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் பட்டம் வாங்காமல் ஊருக்குப் போனேன். அவள் டாக்டரானாள், துறைத்தலைவரானாள், வால்ட் என்ற ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாள், கேப் மே கடற்கரையில் வீடு வாங்கினாள். வயிறு எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது. அதை மறைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?

எனக்கு எழுத்து வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். தன் கட்டுரையெல்லாம் நான்தான் எழுத வேண்டும் என்று கம்பெனிகளிடம் அடம்பிடித்ததும் அவள்தான். ஒரு கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், 'மொழித் திருத்தத்தில் உதவிய ப்ரெண்டா ஸ்டாசியாக்குக்கு நன்றி' என்று போட வைத்தாள். அதற்காகச் சண்டை போட்டாளாம். என்னைக் கூப்பிட்டு, "பாத்தியாடி, உன் பேரைக் கொண்டுவந்துட்டேன்" என்று குதித்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை என்னுடையது, எனக்குக் கிடைத்தது மொழித் திருத்தம். ரொம்ப நன்றிடி என்றேன். வேறென்ன சொல்ல?

மூட்டுவலிக்கான அந்த மஞ்சள் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அதன் பெரிய ஆய்வு முடிந்து, லெனோர் பெயரில் வரவேண்டிய கட்டுரைக்காக விவரம் வந்தபோது, வழக்கம்போல முழுக்கப் படித்தேன். கணக்குப் போடுகிறவர்கள் எண்ணை மட்டும் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். நான் ஆளைப் பார்ப்பேன். ஒருத்தர் கூரையோரம் இலை அள்ள ஏணியில் ஏறி விழுந்து செத்திருந்தார். ஒரு அம்மாள் நேரான சாலையில் மரத்தில் மோதியிருந்தாள், பிரேக் போட்ட தடமே இல்லை. இன்னொருத்தி குளியல் தொட்டியில் மூழ்கியிருந்தாள். ஒருத்தர் நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். அங்கங்கே இருந்த டாக்டர்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருத்தர்கூட இப்படி விழவில்லை.

ஏணிக்காரரின் மனைவி சொன்னதை ஒரு நர்ஸ் அப்படியே குறித்து வைத்திருந்தாள்: 'முகம் வெளுத்துச்சு, அப்புறம்தான் கை விட்டாரு.' விழுந்ததால் சாகவில்லை சார். இதயம் தடம் மாறியதால் நினைவு தப்பி விழுந்தார். நான் கினிப் பன்றியிடம் பார்த்த அதே நெளிவு. கம்பெனிக்காரர்கள் பார்க்கவில்லை, பார்க்க ஆசைப்படவுமில்லை. நாட்டிலேயே அதைப் பார்த்தவள் நான் ஒருத்தி. அன்று மத்தியானம் எழுந்துபோய் ஒரு பன்றிக்கறி சான்ட்விச் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டு வருடக்கணக்காகியிருந்தது.

சொல்ல வேண்டியதுதானே என்று உங்கள் முகம் கேட்கிறது. யாரிடம் சொல்ல? நானே எழுதினால், பட்டமில்லாதவளின் எழுத்தை எந்தப் பத்திரிகை போடும்? அரசாங்கத்துக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான், பெயர் சொல்லாமல்தான் சொல்ல முடியும். பெயர் சொல்லாமல் எழுதி எழுதியே தலை நரைத்துவிட்டது, இதையுமா? மீதி இருந்த வழி லெனோர்தான். அவளிடம் சொல்லியிருந்தால் அன்று மாலையே உலகத்துக்குச் சொல்லியிருப்பாள். மருந்தை நிறுத்தியிருப்பார்கள். ஊரே எழுந்து நின்று அவளுக்குக் கை தட்டியிருக்கும். மொழித் திருத்தத்தில் உதவிய எனக்குப் பொடி எழுத்தில் இன்னொரு நன்றி வந்திருக்கும்.

வைக்கோல்போர் நாய் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நாய்க்கு வைக்கோலால் பயனில்லை. இது என் சாப்பாடு.

அதனால் ஒரு வாக்கியம் எழுதினேன். 'ஆய்வுக் காலத்தில் நேர்ந்த சில மரணங்கள் அன்றாட வாழ்வின் விபத்துகளே. மருந்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது லேசான வேலையில்லை. அதை எழுத ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. பிறகு எல்லா டாக்டரும் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள், விளம்பரத்தில்கூடப் போட்டார்கள்.

லெனோர் அந்த வாக்கியத்தில் நின்று யோசிக்கத்தான் செய்தாள். படிக்காமல் பெயர் போடுகிற ரகமில்லை அவள், அந்த நியாயத்தை நான் கொடுத்துவிட வேண்டும். போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டி, ஏணிலேருந்து ஒருத்தர், தொட்டில ஒருத்தி, காருல ஒருத்தி... என்னடி இத்தனை விபத்து? நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒவ்வொண்ணா?"

"ஒவ்வொண்ணாத்தான். வயசானவங்க, முட்டிவலிக்காரங்க, விழத்தானே செய்வாங்க?"

"அதுவும் சரி. நீ பாத்துட்டா அப்புறம் நான் எதுக்கு? உன் கண்ணு யாருக்குடி வரும்" என்று சிரித்தாள். பிறகு கடற்கரை வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

மருந்து கடைக்கு வந்த பிறகு, அடுத்த கோடையில் போனேன். வால்ட் பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு முட்டியும் போய்விட்டது. நண்டு பிடிப்பதில் பைத்தியம். மரத்தளத்தில் உட்கார்ந்து நண்டு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லெனோர் உள்ளே போனபோது அவர் என் பக்கம் குனிந்தார்.

"என் பொண்டாட்டி பேரைப் போட்டுக்கிறா. எழுதுற மகராசி யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? படிச்சாலே தெரியுதே. அவ மளிகைச் சீட்டு எழுதினாக்கூட யாருக்கும் புரியாது."

இத்தனை வருடத்தில் அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் சார். உடனே அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, பீரை ஒரு மடக்குக் குடித்தார். "உங்க ரெண்டு பேரு புண்ணியத்துல மறுபடி படி ஏறுறேன்" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குள் லெனோர் திரும்பி வந்து, பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னடி, என் புருஷன் உன்னை மயக்கப் பாக்குறானா?" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அவளுக்கு எல்லாமே இருந்தது. கடுகுச் சாஸைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகும் சில கோடைகள் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் மாத்திரை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. போன செப்டம்பரில், நண்டுக்கூண்டை இழுக்கப் போனவர் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டார். மூழ்கிப்போனார் என்றார்கள். விபத்து என்றார்கள்.

அடக்கத்தன்று லெனோர் என் கையை விடவேயில்லை. "கால் வழுக்கியிருக்கும்கிறாங்கடி" என்றாள். "மழையே இல்லை. பலகை காஞ்சு கிடந்துச்சு. எப்படிடி வழுக்கும்?" பக்கத்து வீட்டுக்காரர் தூரத்திலிருந்து பார்த்தாராம், வால்ட் நின்ற இடத்திலேயே தொய்ந்துபோய்ச் சரிந்தாராம். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழுகை வந்தது. அவர் நல்ல மனிதர்.

துக்கத்தில் மனுஷி படுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கம்பெனியிடம் போராடி அத்தனை விவரத்தையும் வாங்கி, ஒவ்வோர் ஆளாகப் படித்தாள். வசந்தம் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். சிகாகோவில் நடந்த பெரிய மாநாட்டு மேடையில் ஏறி, "அந்த மருந்து இதயத்தை நிறுத்துகிறது, என் கட்டுரை பொய், அதில் ஒவ்வொரு சொல்லையும் எழுதியது நான், குற்றம் என்னுடையது" என்றாள். மருந்தை நிறுத்தினார்கள். இந்த ஐந்து வருடத்தில் நாடு முழுக்க எத்தனை பேர் விழுந்தார்கள் என்று உங்கள் ஆட்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். குரலே இல்லை அவளுக்கு.

"உன் பேரை நான் இழுக்க மாட்டேன்டி. கையெழுத்து என்னோடது. யாராவது வந்து கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு."

"நீ ஏன் எல்லாத்தையும் எழுதினதா சொன்னே?"

"உன்னையும் சேத்துக் கூண்டுல ஏத்தச் சொல்றியா? நீ என்ன வேணும்னேவா செஞ்சே? உனக்கும் கண்ணுல படலை, எனக்கும் படலை. போடி, சாப்பிட்டுத் தூங்கு."

எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தீர்களா? என் கண்ணில் படவில்லையாம். மறுநாள் பேப்பரைப் பிரித்தால், 'ஆபத்தை முதன்முதலில் கண்டறிந்த துணிச்சல்காரப் பெண்மணி.' புருஷனைப் பறிகொடுத்தும் உண்மையைச் சொன்னவள் என்று தலையங்கம் வேறு. அவள் உரிமத்தைப் பறிக்கலாம், ஜெயிலுக்கே அனுப்பலாம் என்கிறார்கள், தெரியும். போனாலும் அந்தப் பெயரோடுதானே போவாள்? காலத்துக்கும் பாடப்புத்தகத்தில் அவள் பெயர் நிற்கும்.

நீங்கள் இதை மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உண்மை சரியாகப் பதிவாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. லெனோர் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. அவளுக்கு அப்படி எழுத வராது. அவள் எதையும் முதலில் கண்டுபிடிக்கவுமில்லை. அவளுக்கு ஐந்து வருடம் முந்தி, நியூ ஜெர்சியில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் நான் கண்டுபிடித்தேன். சந்தேகப்பட்டேன் என்று போடாதீர்கள், கண்டுபிடித்தேன் என்று போடுங்கள். லெனோர் போனில் கேட்டபோது எனக்குத் தெரியும். வால்ட் முதல் மாத்திரையை வாயில் போட்டபோதும் தெரியும், கடைசி மாத்திரை வரைக்கும் தெரியும்.

என்ன சார், எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"அம்மா, இப்ப நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குப் புரியுதா?"

புரியாமல் என்ன? உலகத்திலேயே அதை முதலில் கண்டுபிடித்தவள் நான் என்று அர்த்தம்.