இருநூற்று நாற்பத்தேழில் இல்லாத எழுத்து

அவைத் தலைவர் அவர்களே! விசைப்பலகையில் விரல் பழகிய மென்பொருள் வித்தகர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, தாய்மார்களே! எல்லோரையும் வணங்குகிறேன். என் கையெழுத்து கோணல்மாணல். எழுத்துக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த இரண்டு பக்கத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. வாசிக்கையில் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒரே மகள் கடல் கடந்து, ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். முகம் பார்த்து மூன்று ஆண்டு! மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவளுக்கு ஓய்வு. எங்கள் கைபேசியில் குரல் மட்டும்தான் வரும். முகம் பார்க்க, படிப்பகத்து லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். போன மாத ஓய்வு நாளில், படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அதற்கான கட்டளையை ஆங்கிலத்தில் தாளில் எழுதித் தந்துவிட்டு வெளியே போனார். படம் பார்த்து வரைவதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். கருந்திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு நின்றன.

தலையை வாரிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள்.

"என்னங்க, பொண்ணு இன்னும் வரலையே?"

"சும்மா இரு. மெஷின் வேலை செய்யுது."

"எனக்கென்னமோ அதுவும் உங்கள மாதிரியே கம்முனு உட்கார்ந்திருக்குன்னு தோணுது."

சிரியுங்கள், சிரியுங்கள்! அவள் சொன்னதுதான் சரி. மூன்று மணி நேரம் கழித்துப் படிப்பகத்து அம்மா திரும்பி வந்தார்.

"ஐயா, அது உங்கள ஒண்ணு கேட்டுட்டு நிக்குது. தொடரட்டுமான்னு. ஆமான்னு இங்கிலீஷ்ல 'ஒய்'ங்கற ஒரு எழுத்தத் தட்டினாப் போதுமே!"

தட்டினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அங்கே மகளின் ஓய்வு நாளும் முடிந்திருந்தது.

கணினி எனக்காகக் காத்திருந்தது. நான் கணினிக்காகக் காத்திருந்தேன். எங்கோ என் மகள் எங்கள் இருவருக்காகவும் காத்திருந்தாள்! இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் கற்றேனே, வேண்டிய அந்த ஒன்று அதில் இல்லையே!

நாற்பது ஆண்டு லிஃப்ட் இயக்கியவன் நான். எந்த மொழிக்காரர் ஏறினாலும், எந்த மாடி என்று அவருக்குப் புரியும்படி கேட்காமல் கதவைச் சாத்தியதில்லை. அண்டத்தையே திரைக்குள் அடக்கிய அறிஞர்களே, உங்களால் அப்படிக் கேட்க முடியாதா? ஒரு படம், ஒரு பொத்தான், தமிழில் ஒரு கேள்வி: நிறுவட்டுமா? கேட்டால் சொல்ல மாட்டோமா?

பின்வரிசையில் யாரோ "முடியும்" என்கிறீர்கள். எழுந்து நின்று சொல்லுங்கள் அம்மா, முன்வரிசையில் இருக்கும் என் மனைவி காதிலும் விழட்டும்.

வரும் ஞாயிறு மகளுக்கு இந்த மாத ஓய்வு; அவள் முகம் பார்த்துவிடுவோம். ஆனால் அந்தச் சலவைக்கூடத்தில் இன்னும் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இந்நேரம் ஏதோ ஒரு கருந்திரை முன்னால், அது வேலை செய்கிறது என்று நம்பி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் புரியும்படி கேளுங்கள்.

என் தடுமாற்றத்துக்குக் காது கொடுத்த உங்கள் அத்தனை பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.